ஐடி கார்டு பட்டை சுற்றிய கத்தி

பத்து வருஷம் பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்தேன். அடுத்தவர் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் தொழில். என் சுபாவத்துக்கு ஏற்ற வேலை. ஒரு நாள் பதினோரு மணிக்கு மீட்டிங் என்று கூப்பிட்டார்கள். பதினொன்றேகாலுக்கு லேப்டாப்பை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஐடி கார்டை உருவிக்கொண்டு அதன் ஊதாப் பட்டையை மட்டும் என் கழுத்திலேயே விட்டுவிட்டார்கள். அதைச் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஹெப்பகோடி வீட்டுக்கு வந்து, மூன்று நாள் யாரிடமும் பேசாமல் கிடந்தேன்.

நான்காவது நாள் கதவைத் தட்டியவர் எதிர்வீட்டு அக்கா. ஆம்பூர்ப் பக்கம். என்னைவிட எட்டு வயது பெரியவர். அவர் வீட்டுக்காரருக்குப் பொம்மசந்திராவில் ஒரு பேக்கிங் யூனிட் இருந்தது. மோட்டார், டிவி இதெல்லாம் பெட்டிக்குள் ஆடாமல் இருக்க வைப்பார்களே, அந்தத் தெர்மாகோலை வெட்டிக் கொடுக்கிற இடம். "குழந்தைங்களுக்கு ஹாலோவீன் வருதாம், பேய் வேஷம் போடுற பண்டிகை. அபார்ட்மெண்ட்டுல ஏதாவது வைக்கணுமாம். நீதான் நல்லா வரைவியே, எழுந்து வா" என்று ஒரு பெரிய தெர்மாகோல் பலகையை என் ஹாலில் சாய்த்துவிட்டுப் போனார்.

காய்கறிக் கத்தியால் ஒரு கல்லறைக் கல் வெட்டினேன். அசிங்கமாகத்தான் வந்தது. அதன் மேல் ஆங்கிலத்தில், 'இங்கே உறங்குவது வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்த மெயில்' என்று எழுதினேன். குழந்தைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பா அம்மாக்கள்தான் வரிசையில் நின்று அதன் பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

"இத ஒரு வேலையாவே பண்ணலாம்" என்றார் அக்கா. "உனக்குக் கை, எனக்கு வாய். நீ செய், நான் பேசி ஆர்டர் புடிக்கிறேன்." அபார்ட்மெண்டுக்குப் பின்னால் தகர ஷீட் போட்ட ஒரு ஷெட்டை இருவருமாக எடுத்தோம். எனக்கு அதிலிருந்து வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்த வேலை நிலைத்துவிட வேண்டும். மறுபடி ஒரு கண்ணாடி அறைக்குள் இன்டர்வியூவுக்குப் போய், என்னில் பாதி வயதுக்காரர் முன்னால் உட்கார்ந்து, என்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கக் கூடாது. ஊரில் அம்மாவிடம் வேலை போனதைச் சொல்லவில்லை. ஷெட் நிலைத்ததும் இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

அடுத்த ஹாலோவீனுக்கு நிறைய மாதங்கள் இருந்தன. அக்கா ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, "எந்த ஃபோமுக்கு எந்தக் கத்தின்னு எல்லாத்தையும் பாத்து எழுதி வச்சுக்கோ. அப்புறம் தடுமாறக் கூடாது" என்றார். எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். எனக்கு அது பழகிய வேலையும்கூட. ஒரே கனம், ஒரே கோடு, ஒரு கருவிக்குப் பத்து வெட்டு. தேறியதா, தேறவில்லையா என்று நோட்டில் குறிப்பேன்.

தள்ளு பிளேடு உள்ள கட்டரை முதலில் எடுத்தேன். எல்லோரும் அதைக் குத்துகிற மாதிரி நிறுத்திப் பிடிக்கிறார்கள். அப்படி வெட்டினால் தெர்மாகோல் மணி மணியாக உதிரும். பிளேடை நீளமாக வெளியே தள்ளி, படுக்கவைத்து, ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். கொஞ்சம் மழுங்கினாலும் தயவு பார்க்காமல் நுனியை உடைத்துப் போட்டுவிட வேண்டும். வில் மாதிரிச் சட்டத்தில் ஹீட்டரில் இருக்கிற நைக்ரோம் கம்பியைக் கட்டிச் சூடாக்கி வெட்டுகிற கருவியை எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரிக் கடைகளில் சாமான் வாங்கி நானே செய்தேன். சத்தமே இல்லாமல் பலகை இரண்டாகும். ஆனால் வெட்டிய முகம் வழவழவென்று வரும். நூறு வருஷத்துக் கல்லறை நேற்றுப் பாலிஷ் போட்ட கிரானைட் மாதிரி இருக்கும். அதைப் பழசாக்க இரும்பு பிரஷ்ஷும் கேரட் துருவியும் போதும். வீடியோக்களில் வெளிநாட்டுக்காரர்கள் வான்கோழி அறுக்கிற மின்சாரக் கத்தியை வைத்துக்கொண்டு ஆகா ஓகோ என்கிறார்கள். நம்பி ஒன்று வரவழைத்தேன். தெர்மாகோலில் வைத்ததும் ஷெட்டுக்குள் பனி பெய்தது. ஹெப்பகோடியில் வான்கோழி அறுக்கிறவர் யாராவது இருந்தால் இன்றைக்கும் இலவசமாகத் தரத் தயார்.

சோபாவுக்குப் போடுகிற ஸ்பாஞ்சை ஒரு தடவை சூட்டுக் கம்பியால் வெட்டிப் பார்த்தேன். கிளம்பிய புகையில் கண் எரிந்து, தலை சுற்றி, வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டேன். 'ஸ்பாஞ்சில் சூட்டுக் கம்பி கூடவே கூடாது' என்று சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போட்டேன். கூடாதது எல்லாம் சிவப்பு, கூடுவது நீலம்.

ஆனால் மண்டை ஓட்டின் கண்குழி மட்டும் எதிலும் சரியாக வரவில்லை. கட்டர் வளையாது. கம்பி குழிக்குள் போகாது. ஸ்பூனைச் சூடாக்கி அமுக்கினால் குழி உருகிப் பளபளக்கும். அந்தச் சமயத்தில்தான் சிவாஜிநகரில் சோபா தைக்கிற ஒருவர், பல்லைத் தேய்த்தெடுத்த, இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடால் ஸ்பாஞ்சை அல்வா மாதிரி அறுப்பதைப் பார்த்தேன். எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். "கடையில எல்லாம் கெடைக்காது. நீங்களே தேச்சிக்கணும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

தேய்த்தேன். பத்து நாள், சாணைக்கல்லில், விரல் தோல் உரிய. ஒரு பக்கம் சவரக் கத்தி மாதிரிக் கூர். மறுபக்கம், பாதி நீளத்துக்குப் பல்லை விட்டுவைத்தேன், தெர்மாகோலைவிடக் கெட்டியான நீல ஃபோம் பலகைக்கு ஆகும் என்று. மெல்லிய தகடு என்பதால் இரண்டு விரலால் வளைத்துப் பிடிக்கலாம். வளைத்தபடி ஒரு சுற்றுச் சுற்றினால் கண்குழி சுளையாகக் கழன்று வரும். பிடிக்கு என்ன சுற்றுவது என்று தேடியபோது கைப்பையிலிருந்து அந்த ஊதாப் பட்டை வந்தது. சுற்றி முடிச்சுப் போட்டேன். பத்து வருஷ வேலையில் எனக்கு மிச்சம் அதுதான், அது இப்போதாவது உருப்படியாக ஒரு காரியத்துக்கு ஆனது என்று சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு அக்கா அந்தக் கத்தியை வாங்கி வளைத்து வளைத்துப் பார்த்து, "உனக்கு மூளைடி" என்றார். நோட்டில் அதற்கு மட்டும் நான்கு பக்கம் படம் போட்டு எழுதினேன்.

ஷெட்டைப் பெருக்க ஒருவர் வருவார். எங்கள் தெருக்கோடியில் அவர் குடும்பத்துக்கு இஸ்திரி வண்டி. ஹெப்பகோடியிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் வரும். தெர்மாகோல் தூளைப் பெருக்குவது சாதாரண வேலையில்லை. துடைப்பம் பட்டதும் பறக்கும், புடவையில் ஒட்டும், தலையில் ஏறும். முதல் நாள் பெருக்கிப் பார்த்துவிட்டு, மறுநாள் இஸ்திரித் துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை வண்டியிலிருந்து கொண்டுவந்தார். தரையெல்லாம் பூப்போல் தெளித்துவிட்டுப் பெருக்கினார். ஒரு மணி கூடப் பறக்கவில்லை. ஷெட் சாவி ஒன்று அவரிடமே இருந்தது. நாங்கள் வருமுன் பெருக்கிவைப்பார், சில நாள் நாங்கள் கிளம்பும்போது வருவார். நான் செதுக்கிய ஆரஞ்சுப் பூசணியைப் பார்த்து, "இதுவும் திருஷ்டிக்கா மேடம்? சும்னே இவ்ளோ அழகா சிரிக்குதே, பேய் பக்கத்துலயே வந்து உக்காந்துக்கும்" என்றார். அவர் சொன்னதற்காகப் பல்லைக் கொஞ்சம் கூராக்கினேன்.

ஓசூர் ரோட்டில் ஒரு பெரிய ஆபீஸ். அவர்களுடைய கேன்டீன் முழுக்கக் கல்லறைத் தோட்டம் மாதிரி வேண்டும் என்று கேட்டிருப்பதாக அக்கா சொன்னபோது, ஷெட்டிலேயே நான் ஒரு குதி குதித்தேன். அது கிடைத்தால் ஷெட் நிலைத்த மாதிரிதான். இருபது கல்லறை வாசகங்கள் எழுதினேன். பதினைந்து மண்டை ஓடுகளுக்கு அளவு போட்டேன். மாதிரிக்கு இரண்டு செய்து அக்கா கையில் கொடுத்தனுப்பினேன்.

அந்த வாரம்தான் கத்தி காணாமல் போனது.

காலையில் போய்ப் பார்த்தால், மாட்டிவைக்கிற ஆணியில் இல்லை. அக்கா ஓடிவந்தார். பலகைகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். மொபைல் டார்ச்சைப் போட்டுக்கொண்டு மேசைக்கடியில் மண்டியிட்டுத் தேடினார். குப்பை மூட்டையைக்கூட அவிழ்த்துக் கையை விட்டுப் பார்த்தார். தலையெல்லாம் வெள்ளை மணியோடு எழுந்து நின்று, "போவட்டும் விடு, இன்னொண்ணு செஞ்சிக்கலாம்" என்றார். பிறகு, மெதுவாக, "சாவி அந்தம்மாகிட்ட ஒண்ணு இருக்கில்ல… நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்றார்.

நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மனசுக்குள் அது உட்கார்ந்துவிட்டது. ஆக்ஸா பிளேடை எடுத்துப்போய் அவர் என்ன செய்வார் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தாலே போதும். யோசிக்கவில்லை. சாயங்காலம் அவர் வந்ததும், "வேலை கொறஞ்சிடுச்சு, இனிமே நாங்களே பெருக்கிக்கிறோம். சாவியக் குடுத்துடுங்க" என்றேன். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, கட்டருக்குப் பிளேடு மாற்றுகிற மாதிரி நின்றுகொண்டேன். இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தார். "ஆயித்து, சரி மேடம், வேல வந்தா கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் பாட்டிலை ஜன்னலிலேயே மறந்துவிட்டிருந்தார்.

நான்கு நாள் கழித்து அக்கா வாடிய முகத்தோடு வந்தார். "அந்த ஆபீஸ்காரங்க இந்த வருஷம் வேணாம்னுட்டாங்கமா. மேலிடத்துல ஒத்துக்கலையாம்." எனக்கு அழுகை வந்தது. அவர்தான் என்னைக் கட்டிப்பிடித்து முதுகைத் தட்டிக்கொடுத்தார். அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் முதுகு கூசுகிறது.

ஆயுத பூஜை வந்தது. அக்கா யூனிட் பூஜையில் இருப்பதால் ஷெட்டில் நான் மட்டும்தான். கம்பி வில், கட்டர், துருவி, பிரஷ், எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் வைத்தேன். கத்தியின் இடத்தைக் காலியாக விட்டேன். பூஜை முடிந்ததும், நல்ல நாளில் அக்காவைப் பார்க்கலாமே என்று ஒரு பெட்டி மைசூர்பாகு வாங்கிக்கொண்டு, ஸ்கூட்டரில் பொம்மசந்திராவுக்குக் கிளம்பினேன். ஆயுத பூஜைக்கு யாரும் யாரையும் தனியாகக் கூப்பிடுவதில்லை. கேட்டில் வாழைமரம் கட்டியிருந்தால் உள்ளே போகலாம், பொரிப் பொட்டலம் கையில் வரும். சாலையெல்லாம் உடைத்த பூசணிக்காய். வழுக்கிவிடாமல் காலை ஊன்றி ஊன்றிப் போனேன்.

யூனிட்டுக்குள் நான் அதற்குமுன் போனதே இல்லை. பலகைகள் வேண்டுமென்றால் அக்காவே கொண்டுவந்துவிடுவார். மெஷின்களுக்கெல்லாம் சாமந்தி மாலை. ஆட்கள் புதுச் சட்டையில் நின்றார்கள். சுவரோரம் பெரிய பிளாஸ்டிக் தாள் போட்டு எதையோ மூடியிருந்தார்கள், ஃபேன் காற்றில் அதன் ஒரு ஓரம் விலகியிருந்தது. உள்ளே கல்லறைக் கற்கள். முதல் கல்லில் வெள்ளிக்கிழமை சாயங்கால மெயில் உறங்கிக்கொண்டிருந்தது. அடுத்ததில் என்னுடைய இன்னொரு வாசகம். அதற்கடுத்தது. மண்டை ஓடுகள் ஐந்து ஐந்தாக மூன்று வரிசை.

சாமி படத்துக்கு முன்னால் பச்சைத் துணி விரித்து ஆயுதங்களை வைத்திருந்தார்கள். ஸ்பானர், ஸ்குரூ டிரைவர், கம்பி ரோல். நடுவில் என் கத்தி. ஊதாப் பட்டையின் மேல் சந்தனம், அதன் மேல் குங்குமம். பக்கத்தில், சரஸ்வதிக்குப் புத்தகம் வைப்பார்களே, அந்த இடத்தில் ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் கட்டு. என் கையெழுத்து. அதற்கும் குங்குமம் வைத்திருந்தார்கள். திறந்திருந்த பக்கத்தில் நான் சிவப்பில் எழுதியதும் நீலத்தில் எழுதியதும் ஒரே கறுப்பாக இருந்தன.

"நீ எங்கம்மா இங்க?" அக்கா பட்டுப்புடவையில் தட்டோடு நின்றார்.

நான் குனிந்து கத்தியை எடுக்கப் போனேன். ஒரு வயதான தொழிலாளி பதறிப்போய்க் குறுக்கே கையை நீட்டினார். "தொடாதீங்க மேடம், பூஜையில வச்சது. நாளைக்குத்தான் எடுக்கணும்."

என் கை நின்றுவிட்டது. என் கத்தி, என் பத்து நாள், என் விரல் தோல். ஆனாலும் பூஜையில் வைத்ததை எடுக்க எனக்குக் கை வரவில்லை. அதற்காக என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

"உன்னுதுதான். இல்லன்னு சொல்லல" என்றார் அக்கா, தாழ்ந்த குரலில். "நம்ம ஆளுங்களால அந்தக் கண்ணுக்குழிய எடுக்க முடியல. ரெண்டு நாள்ல கொண்டாந்து மாட்டிடலாம்னுதான் எடுத்தேன். வீட்டுக்காரர்தான், யூனிட் சும்மா கெடக்குது, ஆர்டர இங்கயே செய்யலாம்னாரு. நான் என்ன பண்றது?"

"என்கூட மண்டிபோட்டுத் தேடினீங்களே அக்கா."

"தேடாம நின்னா நீ சந்தேகப்படுவியே."

இதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். கெட்ட எண்ணமே இல்லாத குரலில். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இன்னிக்காவது எங்கயாவது ஒளிச்சு வச்சிருக்கலாமே. ஏன் இங்க வச்சீங்க?"

"வேல செய்யற ஆயுதத்த ஒளிச்சு வைக்கலாமா? சாமி குத்தம் ஆயிடும்" என்றார். முகத்தில் நிஜமான பயம் தெரிந்தது. சாமியிடம் ஒளிக்க அவருக்குப் பயம். என்னிடம் ஒளிக்க ஒரு பயமும் இருக்கவில்லை.

யாரோ என் கையில் பொரிப் பொட்டலத்தை வைத்தார்கள். வாங்கிக்கொண்டேன். மைசூர்பாகு பெட்டியை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்து, பொரியை அள்ளி அள்ளித் தின்றுகொண்டே அழுதேன். பத்து வருஷம் அடுத்தவர் வேலையில் ஓட்டை கண்டுபிடித்தவள், ஒரு வருஷமாக என் காதில் ஒருவர் பூச்சுற்றியதைக் கண்டுபிடிக்கவில்லை. ஆபீஸில் வேலையை விட்டு அனுப்பியபோதுகூட இப்படி வயிறு எரியவில்லை. அவர்கள் என்னை முன்னே பின்னே அறியாதவர்கள். இவர் என் வீட்டில் சாப்பிட்டவர்.

மறுநாள் அக்கா நான்கு முறை போன் செய்தார். கத்தியை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி ஒரு மெசேஜும் அனுப்பினார். நான் ஷெட்டில் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். துரோகி என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தேன், கேட்க யாருமில்லை என்றாலும். ஜன்னலைச் சாத்தப் போனபோது தண்ணீர் பாட்டில் கண்ணில் பட்டது.

அப்போதுதான் அந்தச் சாவி ஞாபகம் வந்தது. அதுவரை வரவில்லை. ஒரு நாள் முழுக்க எனக்கு நடந்ததையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போனேன். இஸ்திரி வண்டியில் அவர்தான் நின்று தேய்த்துக்கொண்டிருந்தார். இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடியில் நேற்றைய சந்தனம் காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்க மேடம்! வேல வந்துடுச்சா? நாளைக்கே பெருக்க வந்துடவா?"

நான் சொன்ன பொய்யை அவர் அப்படியே நம்பிக்கொண்டிருந்தார். பாட்டிலை நீட்டினேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல், "கத்தி கெடச்சிடுச்சு" என்றேன்.

"எது, அந்த ஊதா நாடா சுத்துனதா? அந்த மேடம் திருப்பிக் குடுத்துட்டாங்களா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவங்க பேப்பர்ல சுத்திப் பையில வச்சப்ப நான்தானே அங்க பெருக்கிட்டிருந்தேன். ரெண்டு பேரும் ஒண்ணா வேல செய்றீங்க, நீங்கதான் எடுத்துக்கச் சொன்னீங்கன்னு நெனச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" குரல் உயர்ந்துவிட்டது. அந்த நேரத்திலும் எனக்குக் கோபம் வந்தது, அதுவும் அவர்மேல்.

"நீங்க கத்தி காணோம்னே என்கிட்ட சொல்லலையே மேடம். சாவியத்தானே கேட்டீங்க."

சொல்லி முடித்த பிறகு அவர் கை மெதுவாக நின்றது. பெட்டியை எடுத்து ஓரமாக நிமிர்த்தி வைத்தார். என்னையும் நான் நீட்டிக்கொண்டிருந்த பாட்டிலையும் பார்த்தார்.

"அப்போ அதுக்குத்தான் சாவிய வாங்கினீங்களா?"

"ஆமா" என்றேன்.